நடுவில் ஒரு தடுப்பு: ‘இரண்டு கெக்கோக்களுக்கான’ கண்ணாடித் தொட்டி, ஏழு மாதங்களுக்குப் பிறகு

இந்தத் தொட்டி வந்த அட்டைப்பெட்டியின் முகப்பில் ஒரு வண்ணப்படம் இருந்தது. சிறிய மறைவிடம் ஒன்றுக்குள் இரண்டு லெப்பர்டு கெக்கோக்கள், அதாவது வீட்டில் வளர்க்கப்படும் புள்ளிப் பல்லிகள். ஒன்று மற்றொன்றின் முதுகின்மீது தாடையைச் சாய்த்துக் கண்மூடிப் படுத்திருக்கிறது. பார்ப்பவர் மனம் இளகவேண்டும் என்றே தேர்ந்தெடுத்த படம். என் மனமும் இளகத்தான் செய்தது. ஏனெனில் என் வீட்டுத் தொட்டியிலும் அதே காட்சியை ஓராண்டுக்கும் மேலாகப் பார்த்து, அதைத் தோழமை என்றே நம்பியிருந்தேன். இப்போது அந்தப் படத்தைப் பார்த்தால், மேலே இருப்பது கீழே இருப்பதை அணைத்துக்கொள்ளவில்லை, சூடான இடத்தைப் பிடித்துவைத்திருக்கிறது என்பதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

தொகுப்பில் உள்ளவை இவை: 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டி, முன்பக்கம் பக்கவாட்டில் நகரும் இரண்டு கதவுகள், மேலே கம்பிவலை மூடி, நடுவில் செருகவும் எடுக்கவும் கூடிய, மறுபுறம் தெரியும் நிறமற்ற அக்ரிலிக் தடுப்பு ஒன்று, தரைக்கு அடியில் ஒட்டும் ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) ஒன்று, அதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒன்று, பிளாஸ்டிக் மறைவிடங்கள் இரண்டு. எத்தனை பொருள்கள் ‘ஒன்று’, எவை ‘இரண்டு’ என்பதை வாங்கும்போதே நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். தயாரித்த நிறுவனத்தின் பெயரை இங்கு எழுதவில்லை. ஏறக்குறைய இதே அமைப்பில் பல பெயர்களில் தொட்டிகள் விற்பனைக்கு வருகின்றன. குறையும் அந்த அமைப்பில்தான் இருக்கிறது.

நான் இதை வாங்கிய காரணத்தைச் சொல்லாமல் மதிப்பீடு முழுமையாகாது. என்னிடம் இருப்பவை இரண்டும் பெண்கள்; குஞ்சுகளாக ஒரே நாளில் வந்தவை. உடல் பருமனை வைத்துப் பெரியவள், சின்னவள் என்றே அழைத்துப் பழகிவிட்டது. ஆண்களைத்தான் சேர்த்து வைக்கக்கூடாது, பெண்கள் ஒன்றாக வாழும் என்று விற்றவர் சொன்னதை நம்பி, 90 செ.மீ. தொட்டி ஒன்றில் பதினான்கு மாதங்கள் சேர்த்தே வளர்த்தேன். அந்தக் காலம் முழுவதும் கடியில்லை, துரத்தலில்லை. ஒருநாள் இரவு சின்னவள் தோல் உரிக்கும் நேரம். உடல் முழுவதும் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்து, தலைப்பகுதித் தோலை ஈரமறைவிடத்தின் விளிம்பில் தேய்த்துக் கழற்றிக்கொண்டிருந்தாள். பெரியவள் எழுந்து வந்து நாவால் இரண்டு முறை தொட்டுப் பார்த்தாள். மூன்றாவது முறை நாக்கு வரவில்லை. வாலின் அடிப்பகுதியில் கடி விழுந்தது. நான் கதவைத் திறந்து பிரித்தெடுப்பதற்குள் வால் தனியாகக் கிடந்து, மணல் நிறத் தரைவிரிப்பின்மேல் துள்ளிக்கொண்டிருந்தது. அது அடங்குவதற்குச் சில நிமிடங்கள் ஆயின. அந்தச் சில நிமிடங்களில்தான், சேர்த்து வளர்ப்பது குறித்து நான் கொண்டிருந்த கருத்துகள் எல்லாம் ஆட்டம் கண்டன.

தோல் உரிக்கும் நேரத்தில் தாக்குதல் நிகழ்ந்ததற்குக் காரணம் இருக்கக்கூடும் என்பதைப் பின்னர் தெரிந்துகொண்டேன். இந்தப் பல்லிகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பதில் தோலின் மேலுள்ள வேதிப்பொருள்களுக்குப் பெரும் பங்கு உண்டு. நாவால் தொட்டு, அந்த மணத்தை வாயின் மேற்பகுதியில் உள்ள உணர்வுறுப்பில் சேர்த்துப் படிக்கின்றன. தோல் உரிக்கும் பெண்ணின் உடலில் பெண்ணுக்குரிய மணம் இல்லாதபோது, ஆண் அதனை மற்றோர் ஆண் என்று கருதித் தாக்குவதை 1990-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. என் வீட்டில் தாக்கியதும் பெண்தான் என்பதால் அதே விளக்கத்தை அப்படியே பொருத்த முடியாது. ஆயினும் பதினான்கு மாதங்கள் கூடவே இருந்த ஒன்றை நாவால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கடித்ததை என் கண்ணால் பார்த்தேன். பழக்கம் என்று நாம் நினைப்பது அவற்றிடம் எவ்வளவு மெல்லிய இழையாக இருக்கிறது என்பதற்கு அதற்குமேல் சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

வால் போனது உயிருக்கு ஆபத்தில்லை. புது வால் சில மாதங்களில் வளரும், ஆனால் உள்ளே முள்ளெலும்புக்குப் பதில் குருத்தெலும்பும் வெளியே வழவழப்பான தோலுமாக, கிழங்கு போன்ற உருவத்தில் வளரும். இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. இந்த விலங்கின் சேமிப்புக் கிடங்கே வால்தான். உண்ட கொழுப்பை அங்கேதான் வைக்கிறது. காயம் ஆறும்வரை தூசும் துகளும் ஒட்டாதபடி டிஷ்யூ பேப்பரைத் தரையாக விரித்து, மருத்துவர் சொன்னபடி நீர்த்த போவிடோன் அயோடின் கிருமிநாசினியால் துடைத்து, தனிப் பெட்டியில் வைத்திருந்தேன். அப்போதுதான் எடைக் குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். சண்டைக்கு முந்தைய இரண்டு மாதங்களில் பெரியவள் 68 கிராமில் அசையாமல் நிற்க, சின்னவள் 52-இலிருந்து 45-க்கு இறங்கியிருந்தாள். நான் எழுதியிருந்தேன், படிக்கவில்லை.

இந்த நிலையில்தான் ‘ஒரே தொட்டி, இரண்டு வீடு’ என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. இரண்டையும் பிரிக்கவும் வேண்டும், இடத்தையும் இரட்டிப்பாக்கக் கூடாது என்று எண்ணியவனுக்கு அது வரம்போலத் தோன்றியது.

தொட்டியைப் பொருத்திய முதல் நாளிலேயே தடுப்பின் முதல் குறை தெரிந்தது. தடுப்பு நிறமற்றது. கதவு மூடி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, பெரியவள் நான்கு கால்களையும் விறைத்து, முதுகை வில்லாக வளைத்து, பக்கவாட்டில் திரும்பி நின்று, வாலைத் தூக்கி மெதுவாக இடமும் வலமும் அசைக்கத் தொடங்கினாள். லெப்பர்டு கெக்கோவை வளர்ப்பவர்கள் இந்த வால் அசைவுகளைப் பிரித்தறிவது அவசியம். வால் உயர்ந்து பாம்புபோல் மெல்ல நெளிந்தால் அது மிரட்டல் அல்லது அச்சம், அடுத்தது கடி. வாலின் நுனி மட்டும் விர்ரென்று அதிர்ந்தால் அது வேறு. பெண்ணின் மணத்தை அறிந்த ஆண் அப்படி அதிர்விக்கும். இரையை நோக்கிப் பதுங்கும்போது நுனி துடிப்பதும் உண்டு. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நான் கண்டது முதல் வகை. மறுபுறம் சின்னவள் மறைவிடத்திலிருந்து தலையை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாக அன்றிரவு முழுவதும் இருந்தாள். உணவைத் தொடவில்லை. கடிக்க முடியாத எதிரியை நாள்முழுதும் கண்ணுக்கு எதிரே நிறுத்தி வைப்பதற்குப் பெயர் பிரித்து வைத்தல் ஆகாது.

தடுப்பின்மேல் கறுப்புத் தாள் ஒட்டி அதைச் சரிசெய்தேன் என்றால், இரண்டாவது குறை கீழே இருந்தது. தடுப்பு இறங்கும் பள்ளம் தொட்டியின் இரு பக்கச் சுவர்களில் மட்டுமே உள்ளது, தரையில் இல்லை. தரைக்கும் தடுப்புக்கும் நடுவே நான் அளந்தபோது நான்கு மில்லிமீட்டர் இடைவெளி. இரையாக விட்ட சுவர்க்கோழிப் பூச்சிகள் அதன்வழியே தாராளமாகக் குடிபெயர்ந்தன, அது வேடிக்கை. கெக்கோவின் கால்விரல் அதில் நுழையும் என்பது வேடிக்கையல்ல. இவற்றின் விரல்களில் சுவர்ப்பல்லிக்கு இருப்பதுபோன்ற ஒட்டும் பட்டைகள் இல்லை, நகங்கள் மட்டுமே உண்டு. ஏறித் தப்ப இயலாத விலங்கு மூலையில் தோண்டத்தான் செய்யும், அதிலும் தடுப்பின் அடியில்தான் தோண்டும். எட்டாம் நாள் காலையில் தடுப்பின் அடியில் சின்னவளின் வலது முன்கால் விரல்கள் இரண்டு மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்க, ஒரு சாண் தொலைவில் பெரியவள் அவற்றையே உற்றுப் பார்த்துக்கொண்டு வால் நுனியைத் துடிக்கவிட்டுக்கொண்டிருந்தாள். ஒருவேளை அதைப் புழு என்றே எண்ணியிருப்பாள். எப்படியானாலும் போவது விரல்தான்.

மூன்றாவது குறைதான் பெரிது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. சின்னவள் தனி அறை பெற்றும் எடை கூடவில்லை. உண்டாள், ஆனால் ஒருமுறை உண்டதைச் செரிக்காமலே கக்கினாள். அகச்சிவப்பு வெப்பமானியால் இரண்டு பாதிகளின் தரையையும் அளந்தபோது விடை கிடைத்தது. இடப் பாதியின் சூடான மூலை 32 டிகிரி செல்சியஸ். வலப் பாதியில் எங்கு வைத்தாலும் 25-ஐத் தாண்டவில்லை. தொகுப்பில் ஹீட் மேட் ஒன்றுதானே! கையேட்டின் படத்தில் அது தொட்டியின் இடக்கோடியில் ஒட்டப்பட்டிருக்கிறது. நானும் அப்படியே ஒட்டினேன். லெப்பர்டு கெக்கோவிற்குத் தன் வீட்டின் ஒரு மூலையில் ஏறக்குறைய 31 முதல் 33 டிகிரி வரை தரைச் சூடும், மறு மூலையில் 24 முதல் 26 டிகிரி வரையிலான தணிவும், இரண்டுக்கும் நடுவே விருப்பப்படி நடந்து செல்லும் வாய்ப்பும் வேண்டும். வயிற்றில் சூடு இல்லாவிட்டால் வயிற்றில் உள்ளது செரிக்காது. தடுப்பைச் செருகியதும் ஒருத்திக்குச் சூடும் தணிவும் சேர்ந்த வீடு, மற்றவளுக்குக் குளிர்ந்த கிடங்கு என்று ஆகிவிட்டது. சேர்த்து வளர்த்த காலத்தில் பெரியவள் செய்த அதே வேலையை, அவளைவிடத் துல்லியமாக, இந்தத் தொட்டி செய்தது.

சேர்த்து வளர்க்கும்போது நிகழும் வன்முறையில் பெரும்பகுதி இந்த வகைதான். கடியும் குருதியும் அரிது. அவை கடைசி அத்தியாயம். அதற்கு முந்தைய அத்தியாயங்களில் ஒன்று சூடான மறைவிடத்தின் வாசலில் படுத்துக்கொள்ளும், மற்றது உள்ளே போகாது. புழுக்கிண்ணத்தின் அருகே ஒன்று நிற்கும், மற்றது பசியில்லாததுபோல் திரும்பிவிடும். வெளியே இருந்து பார்க்கும் நமக்கு இரண்டும் அமைதியாகத் தெரியும். வால் மெலிவது, உண்ண மறுப்பது, எப்போதும் தணிந்த மூலையிலேயே கிடப்பது, தோல் விரல் நுனியில் உரியாமல் வளையமாக நின்றுவிடுவது ஆகியவற்றைத் தனித்தனி நோய்களாக எண்ணி வைட்டமினும் கால்சியமும் மாற்றிப் பார்ப்பவர்கள் பலர். நானும் அவர்களில் ஒருவன். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதினால் போதும், தராசு மறைக்காது. படிக்கவும் வேண்டும் என்பதுதான் என் பாடம்.

இந்த மூன்று குறைகளையும் படங்களுடன் விற்பனையாளரின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். விலங்குகள் ஒன்றுக்கொன்று பழகச் சில வாரங்கள் ஆகும், தடுப்பு நிறமற்றதாக இருப்பதே பழகுவதற்காகத்தான் என்று பதில் வந்தது. வெப்பம் பற்றிய கேள்விக்கு விடையே இல்லை. இரண்டாவது கடிதத்திற்கு, தடுப்பை எடுத்துவிட்டால் வெப்பம் சமமாகப் பரவும் என்ற அறிவுரை கிடைத்தது. அதன்பிறகு நான் எழுதவில்லை.

கையேட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘ஒரே பாலினத்தைச் சேர்ந்த இரண்டைச் சேர்த்து வைக்கலாம், சண்டையிட்டால் சில நாள் தடுப்பைச் செருகிவிட்டு மீண்டும் எடுத்துப் பார்க்கவும்’ என்கிறது அது. இரண்டு ஆண்களும் ஒரே பாலினம்தான்! முதிர்ந்த இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விடுவது ஓர் உறையில் இரண்டு கத்தி வைப்பது போன்றது. கழுத்திலும் வயிற்றிலும் விழும் கடி உயிரையே எடுக்கும். குஞ்சுகளில் ஆண் எது, பெண் எது என்று தோற்றத்தை வைத்துச் சொல்வதும் எளிதன்று. கழிவாய்க்கு மேலே தலைகீழ் ‘வி’ வடிவில் மெழுகு பூத்த துளைகளின் வரிசையும், வாலடியில் இரண்டு புடைப்புகளும் தெளிவாகத் தெரிந்தால் ஆண். அவை தெளிவாவதற்குச் சில மாதங்கள் ஆகும். அதற்குள் ‘இரண்டும் பெண்’ என்று விற்கப்பட்ட இணையில் ஒன்று ஆணாகிவிட்டால், சண்டை இல்லாமலே வேறு தொல்லை தொடங்கும். ஆண் ஓயாமல் பெண்ணைத் துரத்தும். பெண் ஒவ்வோர் ஈட்டிலும் வழக்கமாக இரண்டு முட்டைகள் என்று ஒரே பருவத்தில் பலமுறை இடும். முட்டை ஓட்டிற்கான சுண்ணச்சத்து அவளுடைய எலும்பிலிருந்தே போகும்.

பெண்களிலும் எல்லாம் ஒரே குணமல்ல. இந்த இனத்தில் குஞ்சின் பாலினத்தை முட்டை அடைகாக்கப்படும் வெப்பம் முடிவு செய்கிறது: 26 டிகிரியில் ஏறக்குறைய எல்லாம் பெண், 32.5 டிகிரியளவில் பெரும்பாலும் ஆண். அதற்கும் மேலே 34, 35 எனப் போனால் மீண்டும் பெரும்பாலும் பெண். ஆண்கள் மிகுதியாகப் பிறக்கும் சூட்டில் பிறந்த பெண்கள், 26 டிகிரியில் பிறந்த பெண்களைவிட முரட்டுத்தனம் மிக்கவை என்பது ஆய்வகங்களில் பலமுறை காணப்பட்டுள்ளது. கடையில் வாங்கும் குஞ்சு எந்தச் சூட்டில் பொரிந்தது என்று நமக்கு யார் சொல்லப்போகிறார்கள்? பெண்கள் என்ற ஒரே காரணத்தை நம்பிச் சேர்த்து வைப்பது முட்டைக்குள் நடந்துமுடிந்த ஒன்றைப் பந்தயப் பொருளாக்குவதுதான். பாறையும் வெடிப்பும் நிறைந்த வறண்ட நிலத்தில் தோற்ற பல்லி ஓடிப்போகலாம். 120 செ.மீ. தொட்டியில் ஓட்டம் கண்ணாடியில் முடிகிறது.

நான் பின்னர் செய்த மாற்றங்களையும் சொல்லிவிடுகிறேன். அக்ரிலிக்கைக் கழற்றிவிட்டு, வெள்ளை நிற பிவிசி ஃபோம் பலகையை உட்புற அளவுக்கு வெட்டி, நான்கு பக்கமும் மீன்தொட்டிக்கான சிலிகானால் ஒட்டினேன். வலக்கோடியில் இரண்டாவது ஹீட் மேட்டும் அதற்கெனத் தனித் தெர்மோஸ்டாட்டும் வைத்தேன். ஒரே தெர்மோஸ்டாட்டில் இரண்டு மேட்டுகளை இணைப்பது பொருந்தாது. சென்சார் ஒரு பக்கத்தின் சூட்டை மட்டும் அறியும், மறுபக்கம் கொதித்தாலும் குளிர்ந்தாலும் அதற்குத் தெரியாது. பக்கத்திற்கு ஒன்று என்று தந்த மறைவிடத்துடன், ஈரப் பாசி நிரப்பிய ஒன்றையும் தணிந்த மூலையில் ஒன்றையும் சேர்த்து, ஆளுக்கு மூன்றாக்கினேன். இவ்வளவும் செய்தபின் சின்னவளின் எடை இறங்குவது நின்றது. ஆயினும் ஆளுக்குக் கிடைத்தது 60 செ.மீ.; 20 செ.மீ.க்கு மேல் வளர்ந்து, 15 முதல் 20 ஆண்டுகள் வாழக்கூடிய விலங்கிற்கு அதைத் தற்காலிக ஏற்பாடு என்றே கொள்வேன். சூட்டுக்கும் தணிவுக்கும் நடுவே அங்கே நடப்பதற்கு ஒன்றுமில்லை, திரும்பிப் படுப்பதுதான் உண்டு. அதோடு, இருவரில் ஒருத்திக்குக் குடல் ஒட்டுண்ணி வந்தால், ஒரே மூடியும் ஒரே இடுக்கியும் கொண்ட இரட்டை வீட்டில் மற்றவளைக் காப்பது கடினம்; கிரிப்டோஸ்போரிடியம் போன்ற நுண்ணிய குடல் ஒட்டுண்ணி ஒன்று நுழைந்துவிட்டால் தடுப்புப் பலகை அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

நான்காம் மாதத்தில் பலகையை அறுத்தெடுத்தேன். சின்னவளுக்கு 90 செ.மீ. பழைய தொட்டி, பெரியவளுக்கு இந்த 120 செ.மீ. முழுவதும். எதிரெதிரே தெரியாதபடி வெவ்வேறு சுவரோரம் வைத்திருக்கிறேன். சின்னவள் இப்போது 57 கிராம்; கிழங்கு வால் பருத்துவிட்டது. ‘தனிமையில் வாடுமே’ என்று கேட்பவர்களிடம் அந்த வாலைக் காட்டுகிறேன்.

இவ்வளவு குறை சொன்னபின், ஒரே கெக்கோவிற்கான வீடாக இந்தத் தொட்டி மிக நன்றாக இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கதவு முன்புறம் திறப்பதால் மேலிருந்து கை இறங்குவதில்லை. மேலிருந்து வரும் எதுவும் இவற்றுக்குப் பருந்துதான், ஆகவே இந்த ஒரு வசதியால் கையில் ஏறப் பழகும் காலமே பாதியாகக் குறைந்தது. கதவுப் பாதையில் துகள் சிக்குவதில்லை; பூட்டு உறுதியானது; வயர் நுழையும் துளைக்கு மூடி உண்டு; ஏழு மாதத்தில் கண்ணாடி இணைப்பு எங்கும் விலகவில்லை. தெர்மோஸ்டாட்டும் ஒரு டிகிரிக்குள் சொன்ன சொல் தவறாமல் நிற்கிறது. தடுப்பும் கையேடும் இல்லாமல் விற்றிருந்தால் ஐந்துக்கு நான்கரை தந்திருப்பேன். பெட்டியில் எழுதியுள்ளபடி இரண்டு கெக்கோக்களுக்கான தொகுப்பாக எடுத்துக்கொண்டால் ஒன்று. அந்த ஒன்றும் கண்ணாடிக்குத்தான்.

ஏற்கெனவே வாங்கிவிட்டு, இரண்டாவது தொட்டி வரும்வரை நான் செய்ததுபோலப் பலகை ஒட்ட நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பூஞ்சைத்தடுப்பு மருந்து கலக்காத, மீன்தொட்டிக்கென்றே விற்கும் சிலிகானை மட்டும் பயன்படுத்துங்கள். ஒட்டியபின் புளிக்காடி நெடி முற்றிலும் போகும்வரை, குறைந்தது இரண்டு நாள், விலங்கை உள்ளே விடாதீர்கள். கழற்றிய அக்ரிலிக்கையும் எறிந்துவிட வேண்டாம். என் வீட்டில் அது தராசின்மேல் வைக்கும் பெட்டிக்கு மூடியாக இருக்கிறது. நிறமற்றது என்பதால் நிறுக்கும்போது சின்னவள் எங்கே நிற்கிறாள் என்று நன்றாகத் தெரிகிறது.